தவறிய நாளுக்கு அடுத்த நாள்: நல்ல பழக்கங்களும் சுயபிம்பமும்

"நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராதுங்க." நடைப்பயிற்சியோ, நேரத்தோடு தூங்குவதோ, இனிப்பைக் குறைப்பதோ, எதுவானாலும் பாதியில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தவர், ஒரு காய்ச்சலில் நான்கு நாள் விட்டுப்போனதும் இப்படிச் சொல்லிவிடுகிறார். நடந்த மூன்று வாரமும் அவருடைய கணக்கிலேயே வரவில்லை. விட்டுப்போன நான்கு நாள் மட்டும் "பார்த்தீர்களா, நான் இப்படித்தான்" என்று பதிவாகிவிட்டது.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். மன உறுதி போதவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டுமே அந்த மூன்று வாரத்தை விளக்காது. சோம்பேறி எப்படி மூன்று வாரம் விடிகாலையில் எழுந்து நடந்தார்? அவர் மனதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது: "நான் உடம்பைப் பேணுகிற ஆள் இல்லை." நடந்த நாட்கள் அந்தத் தீர்ப்போடு பொருந்தவில்லை, ஆகவே விதிவிலக்கு ஆகிவிட்டன. விட்ட நாட்கள் பொருந்தின, ஆகவே சாட்சி ஆகிவிட்டன. தன்னைப் பற்றித் தானே மனதில் வைத்திருக்கும் இந்தச் சித்திரத்தைத்தான் சுயபிம்பம் என்கிறோம்.

ஒரு பழக்கத்தைத் தொடங்கும் நாளில் சுயபிம்பத்துக்குப் பெரிய வேலை இல்லை. புது உற்சாகத்தில் யார் வேண்டுமானாலும் தொடங்கிவிடலாம். ஒரு நாள் தவறுகிறோமே, அதற்கு அடுத்த நாள்தான் அதன் கை ஓங்குகிறது. நல்ல பழக்கங்கள் நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் அந்த அடுத்த நாளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்குவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

தன்மதிப்பு, தன்னம்பிக்கை, சுயபிம்பம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். தன்மதிப்பு என்பது "நான் மதிக்கத்தக்கவனா?" என்ற கேள்விக்கு மனம் தரும் பதில். தன்னம்பிக்கை "இந்தக் காரியம் என்னால் முடியுமா?" என்ற கேள்விக்கானது, இதையே ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் தன்திறன் நம்பிக்கை என்ற கோட்பாடாக வகுத்தார். சுயபிம்பம் கேட்பது வேறு: "நான் எந்த மாதிரி ஆள்?"

இவை மூன்றும் தனித்தனியே நடமாடக்கூடியவை. தன் தொழிலிலும் குடும்பத்திலும் நல்ல மதிப்போடு வாழ்கிற ஒருவர், "உடற்பயிற்சி செய்யும் ரகம் இல்லை நான்" என்று எந்த வருத்தமும் இல்லாமல் சொல்வார். அவருக்குத் தன்மதிப்பில் குறையே இல்லை. அரைமணி நேரம் நடக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வார். ஆக, நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் நடப்பது "தன் ரகம்" செய்யும் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. "முதலில் உங்களை நீங்கள் மதியுங்கள்" என்ற பொதுவான அறிவுரை பலருக்கு ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களிடம் இல்லாதது மதிப்பு அல்லவே.

சுயபிம்பம் ஒரே படமாகவும் இருப்பதில்லை. நேரம் தவறாதவர், சமையலில் கெட்டிக்காரர், கணக்கில் மட்டம், உடம்பு விஷயத்தில் அலட்சியம் என்று ஒரே ஆளுக்குள் பல துண்டுகள். ஒரு துண்டை மாற்ற வேண்டுமானால் முழு ஆளையும் மாற்ற வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

பிம்பம் எப்படி நம் நடத்தையைப் பிடித்து வைக்கிறது

மனிதர்கள் தங்களைப் பற்றிய சித்திரம் குலையாமல் பார்த்துக்கொள்வதில் பெரும் அக்கறை காட்டுகிறார்கள். பிரெஸ்காட் லெக்கி என்ற உளவியலாளர் இதைத் தன் கோட்பாட்டின் மையமாகவே வைத்தார். அவர் இறந்த பிறகு 1945-ல்தான் அது நூலாக வெளிவந்தது. தன்னைப் பற்றிய எண்ணங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்பதே மனிதனின் அடிப்படைத் தேவை என்றார் அவர். 1980-களில் வில்லியம் ஸ்வான் இன்னும் ஒரு படி போனார். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள், தங்களைப் புகழ்பவர்களைவிடத் தங்கள் எண்ணத்தை உறுதிசெய்பவர்களைப் பல நேரங்களில் நாடுகிறார்கள் என்று காட்டினார். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் யோசித்தால் புரியும். நான் யார் என்பது மாறாமல் இருந்தால்தான் உலகம் எனக்குக் கணிக்கக்கூடியதாக இருக்கிறது. கெட்ட சித்திரமானாலும் பழகிய சித்திரம்.

இது அன்றாடத்தில் எப்படித் தெரியும்? பெரிய முடிவுகளில் அல்ல, மிகச் சின்னத் தருணங்களில். காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கிறது. இரவு தூக்கம் சரியில்லை, வெளியே தூறல். ஒருவர் மனதில் ஓடுவது: "நடக்கப் போகிற வழக்கம் இன்றைக்குக் கெடுகிறதே, சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்." இன்னொருவர் மனதில் ஓடுவது: "அதானே பார்த்தேன், எத்தனை நாளைக்கு ஓடும் என்று." தூறல் ஒன்றுதான், அலுப்பும் ஒன்றுதான், இருவரும் அன்று காலையில் நடக்கவில்லை. முதலாமவர் சாயங்காலம் ஷூவைத் தேடுவார். இரண்டாமவருக்குச் சாயங்காலம் என்ற ஒன்றே நினைவுக்கு வராது. தடை வந்ததில் அவருக்கு லேசான ஆறுதல்கூட இருக்கும், தன் கணிப்பு சரியாகிவிட்டதே என்று.

பிம்பத்தோடு பொருந்தாத செயல்களை மனம் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஆலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு ஹோட்டல்களில் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்கள் பங்கேற்றார்கள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மாற்றி, தரை துடைத்து, வண்டி தள்ளுகிற வேலை. அப்படியிருந்தும் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தாங்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதில்லை என்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் உடற்பயிற்சியே இல்லை என்றார்கள். உடம்பு உழைக்கிறது, ஆனால் "உடற்பயிற்சி செய்பவர்" என்ற சித்திரத்தில் அவர்கள் தங்களைப் பார்க்கவில்லை. அவர்களில் ஒரு குழுவிடம் "உங்கள் வேலையே நல்ல உடற்பயிற்சிதான்" என்று விளக்கியபின், நான்கு வாரத்தில் எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்ததாக ஆய்வு சொன்னது. இந்த இரண்டாம் பகுதி பிறகு கேள்விக்குள்ளானது, எண்ணத்தை மாற்றினாலே உடம்பு மாறிவிடும் என்று அதை வைத்துக்கொண்டு யாரும் சொல்லக்கூடாது. எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பகுதிதான். செய்துகொண்டே, செய்யவில்லை என்று நம்ப முடிகிறது மனிதனால்.

பழக்கம் பிம்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் நிலைமை தலைகீழ். உடற்பயிற்சியை ஒருவர் தன் அடையாளத்தின் பகுதியாக எவ்வளவு நினைக்கிறார் என்பதை அளக்க 1994-லேயே ஒன்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோல் வெளிவந்தது. அதில் அதிக மதிப்பெண் பெறுபவர்கள் அடிக்கடியும் கூடுதல் நேரமும் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அடையாளம் பழக்கத்தைத் தந்ததா, பழக்கம் அடையாளத்தைத் தந்ததா என்று கேட்கத் தோன்றும். இரண்டு திசையிலும் போக்குவரத்து உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேசும் விதத்திலும் இந்த வித்தியாசம் வெளிப்படும். வனெஸ்ஸா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. தின்பண்டம் எதிரே வரும்போது ஒரு குழுவினர் "நான் இதைச் சாப்பிடக்கூடாது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றொரு குழுவினர் "நான் இதைச் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது இருவருக்கும் ஒரு சாக்லேட் பாரையும், தானியத்தில் செய்த ஒரு பாரையும் நீட்டினார்கள். "கூடாது" என்றவர்களில் 39 சதவீதம் பேர் தானியத்தை எடுத்தார்கள். "சாப்பிடுவதில்லை" என்றவர்களில் 64 சதவீதம். முதலாவதில் யாரோ தடை போட்டிருக்கிறார்கள், நாம் அடங்கிப் போகிறோம். இரண்டாவதில் தடையே இல்லை, நாம் அப்படிப்பட்ட ஆள், அவ்வளவுதான்.

தவறும் நாள்

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

1975-ல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவிகளில் சிலருக்கு மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்பும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் யாரும் செய்வது அது. எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்கள் நேர்மாறாக நடந்தார்கள். மில்க்ஷேக் குடித்த பிறகு அவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள்.

பசியால் இதை விளக்கவே முடியாது. "இன்றைய கட்டுப்பாடு போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான் சாப்பிட வைத்தது. "சாண் ஏறினால் முழம் சறுக்கும்" என்பார்களே, இங்கே சறுக்கியது சாண்தான், மீதி முழத்தை அவர்களே இறங்கிவிட்டார்கள்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஆலன் மார்லட் இதே விஷயத்தை 1980-களில் இன்னும் நுட்பமாக விளக்கினார். ஒரு முறை தவறுவதற்கும் பழைய நிலைக்கே முழுதாகத் திரும்பிவிடுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நடப்பது ஒரு விளக்கம். தவறியவர் "ஏன் தவறினேன்?" என்று தன்னைக் கேட்கிறார். "நேற்று அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், மறுக்க வார்த்தை வரவில்லை" என்பது ஒரு பதில். "நான் பலவீனமானவன், என் சுபாவமே இது" என்பது இன்னொரு பதில். முதல் பதிலில் மாற்றக்கூடியது ஒன்று கையில் இருக்கிறது, அடுத்த முறை வேறு மாதிரி செய்யலாம். இரண்டாவதில் மாற்ற எதுவுமே இல்லை, ஏனென்றால் குற்றவாளி ஆளேதான். இரண்டாவது பதிலைச் சொல்பவர் முழுதாகத் திரும்பிவிட வாய்ப்பு அதிகம்.

சுயபிம்பம் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்த விளக்கம் முதலில் வாய்க்கு வருகிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

உண்மையில் ஒரு நாள் தவறினால் பழக்கத்துக்கு என்ன நஷ்டம்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சின்னச் செயலைச் செய்ய வேண்டும்: காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர், மதியம் ஒரு பழம், இரவு உணவுக்கு முன் சிறிது ஓட்டம் என்ற மாதிரி. அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை பெரிய வித்தியாசம் (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை கண்ட போக்கை வைத்துக் கணித்தவை). தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் பொன்னான வரி வேறு: நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

இதை யாரும் உரக்கச் சொல்வதில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. உடம்பும் மூளையும் அந்த ஒரு நாளை மன்னித்துவிடுகின்றன. மன்னிக்காமல் இருப்பது நாம்தான்.

ஊரெல்லாம் பரவியிருக்கும் 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யமானது. அதற்குச் சுயபிம்பத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒப்பனை அறுவை மருத்துவர் 1960-ல் எழுதிய நூலில், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று குறிப்பிட்டார். அவர் பேசியது பழக்கத்தைப் பற்றியே அல்ல, பழைய மனச்சித்திரம் கரைவதைப் பற்றி. "குறைந்தது" என்ற சொல் வழியில் உதிர்ந்துபோய், எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்று ஆகிவிட்டது. 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று தங்களையே குறை சொல்லி விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

சரி, தவறிய நாளில் தன்னிடம் கடுமையாக நடந்துகொள்வதுதானே ஒழுக்கம்? விட்டுக்கொடுத்தால் இன்னும் கெட்டுப்போக மாட்டோமா? நியாயமான சந்தேகம். கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 2007-ல் இதைத்தான் சோதித்தார்கள். மாணவிகளை முதலில் ஒரு டோநட் சாப்பிட வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், "எல்லோரும் சில நேரம் இப்படிச் சாப்பிடுவார்கள், இதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்ற பொருளில் ஆய்வாளர் பேச்சுவாக்கில் சொன்னார். பிறகு மிட்டாய்களை ருசி பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாட்டில் இருக்கும் பெண்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகவே மிட்டாய் சாப்பிட்டார்கள். பரிவு அவர்களை அவிழ்த்துவிடவில்லை. "எல்லாம் போச்சு" என்ற நிலைக்குப் போகாமல் தடுத்தது.

உடம்பை வெறுத்தால் உடம்பு மாறுமா?

சுயபிம்பத்தில் உடம்பைப் பற்றிய பகுதி தனியாகப் பேச வேண்டியது. கண்ணாடியில் பார்த்து வெட்கப்பட்டால்தான் உந்துதல் வரும் என்று பலர் நம்புகிறார்கள். உறவினர்களும் நல்லெண்ணத்தோடுதான் "இப்படிப் பெருத்துவிட்டாயே" என்கிறார்கள்.

ஏஞ்சலினா சூட்டின், ஆன்டோனியோ டெராச்சியானோ இருவரும் அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டவர்களின் நான்காண்டுத் தகவல்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் உடல் பருமன் நிலையில் இல்லாதவர்களில், எடைக்காகத் தாங்கள் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகப் பின்னாளில் பருமன் நிலைக்குப் போயிருந்தார்கள். இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான், ஒன்று மற்றதை நேரடியாக உண்டாக்கியது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவமானம் ஆளைத் திருத்தும் என்ற நம்பிக்கைக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

காரணம் ஊகிக்கக் கடினமானதும் அல்ல. உடம்பைப் பற்றி வெட்கப்படுபவர் ஜிம்முக்குப் போக வேண்டுமென்றால், பலர் பார்க்க அந்த உடம்போடு நிற்க வேண்டும். நீச்சல் குளம் இன்னும் மோசம். மருத்துவரிடம் போனால் எடை பார்ப்பார்களே என்று பரிசோதனையையே தள்ளிப்போடுவார். எது உடம்புக்கு நல்லதோ அதெல்லாம் வெட்கம் இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. ஆகவே வெட்கம் அவரை அங்கிருந்து விலக்குகிறது.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. போர்ச்சுகலில் கூடுதல் எடை கொண்ட 239 பெண்களை வைத்து நடத்திய ஓராண்டுத் திட்டம் ஒன்றின் முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. அதில் தங்கள் உடம்பைப் பற்றிய மனக்கசப்பு குறைந்த பெண்களுக்கு, உணர்ச்சிவசப்பட்டுச் சாப்பிடுவதையும் கண்டதைத் தின்னும் இழுப்பையும் கட்டுப்படுத்துவது எளிதாகியிருந்தது. குறிப்பாக, பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்ற ஓயாத கவலை தணிந்தது அதிகம் உதவியது. உடம்போடு சமாதானமாவதும் உடம்பைப் பேணுவதும் எதிரெதிர் திசைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. பகைத்துக்கொண்ட ஒருவருக்கு யாரும் நீண்ட காலம் பணிவிடை செய்ய மாட்டார்கள்.

பிம்பத்தை எங்கிருந்து மாற்றுவது

கண்ணாடி முன் நின்று "நான் ஆரோக்கியமானவன், நான் உறுதியானவன்" என்று தினமும் சொல்லிக்கொள்வது பலர் பரிந்துரைக்கும் வழி. ஜோன் உட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் இதைச் சோதித்தார்கள். தங்களைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட வாக்கியம் லேசாக உதவியது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்ததைவிட மனநிலை மோசமாயிற்று. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் சித்திரத்துக்கும் வாய் சொல்வதற்கும் தூரம் அதிகமானால், மனம் உடனே "பொய்" என்கிறது. பழைய தோல்விகளை வரிசையாக எடுத்துக் காட்டவும் தொடங்கிவிடுகிறது.

வழி வேறு பக்கத்தில் இருக்கிறது. டேரில் பெம் 1967-லும் 1972-லும் முன்வைத்த ஒரு கருத்து முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். நாம் நம்மை அறிந்துகொள்வது பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்த்து அல்ல. நாம் செய்வதை, வெளியாளைப் போலவே, கவனித்துத்தான் என்றார் அவர். உள்ளுணர்வு தெளிவாக இல்லாத இடங்களில் இது இன்னும் பொருந்தும். "தினமும் மாடிப்படி ஏறுகிறேனே, எனக்கு நடமாடப் பிடிக்கும் போலிருக்கிறது." இப்படித்தான் சித்திரம் வரையப்படுகிறது. அதாவது செயல் முதலில், பிம்பம் பின்னால். அப்புறம் அந்தப் பிம்பம் அடுத்த செயலைச் சுலபமாக்குகிறது. முன்பு சொன்ன இருவழிப் போக்குவரத்து இதுதான்.

இதனால்தான் தொடக்கச் செயல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பத்து நிமிட நடையால் உடம்புக்குப் பெரிய லாபம் வந்துவிடாது, உண்மைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் முதல் சில வாரங்களில் அந்தப் பத்து நிமிடம் உடம்புக்காக அல்ல, சாட்சிக்காக. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு என்பதால் சாட்சி அறுபடாமல் சேரும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நல்ல நாட்களில் மட்டும் சாட்சி சேரும், மற்ற நாட்களில் எதிர்ச்சாட்சி.

செய்ததை மனம் தானாகக் கணக்கில் சேர்க்காது என்பதை ஹோட்டல் பணியாளர்கள் விஷயத்தில் பார்த்தோம். ஆகவே எழுதி வையுங்கள். நாட்காட்டியில் ஒரு புள்ளி போதும். எழுதும்போது, எத்தனை நாள் விடாமல் செய்தோம் என்ற தொடர் எண்ணிக்கையை மட்டும் குறிக்காதீர்கள். அந்த எண் அறுந்த அன்று அதுவே "எல்லாம் போச்சு" என்று சொல்லிவிடும். விட்ட பிறகு எத்தனை நாளில் திரும்பி வந்தோம் என்பதைக் குறியுங்கள். சென்ற முறை ஒன்பது நாள், இந்த முறை இரண்டு நாள் என்று பார்க்கும் ஒருவருக்கு, தவறிய நாட்களே முன்னேற்றத்தின் சாட்சியாகிவிடுகின்றன. "விடாமல் செய்கிற ஆள்" என்பதைவிட "விட்டாலும் திரும்பி வருகிற ஆள்" என்ற பிம்பம் உறுதியானது. முதலாவது ஒரே நாளில் பொய்யாகிவிடும். இரண்டாவதைப் பொய்யாக்க ஒரு நாள் தவறினால் போதாது.

அடையாளப் பெயர் சூட்டிக்கொள்வதில் ஒரு ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2018-ல் சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சிலரிடம் "உதவி செய்" என்றும் சிலரிடம் "உதவுகிறவனாக இரு" என்ற பொருளிலும் சொன்னார்கள். உதவப் போய் ஏதாவது தவறாகிவிட்டபோது, "உதவுகிறவன்" என்ற பெயரைக் கேட்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் பின்வாங்கினார்கள். பெயர் பெரிதாக இருந்தால் அதிலிருந்து விழும் உயரமும் பெரிது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். "நான் ஓட்டக்காரன்" என்று தன்னை முழுதாக அதில் வைத்துவிட்டவருக்கு முழங்கால் கெட்டுப்போனால் ஓட்டத்தோடு ஆளும் போய்விடுகிறான். "உடம்பைக் கவனித்துக்கொள்கிறவன்" என்று கொஞ்சம் அகலமாக வைத்திருப்பவர், ஓட முடியாதபோது நீந்துவார், அதுவும் முடியாவிட்டால் மருத்துவர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்வார். எல்லாமே அதே ஆள் செய்யும் வேலைகள்.

எதிர்காலத்தில் எப்படிப்பட்டவராக ஆகலாம் என்ற சித்திரங்களும் சுயபிம்பத்தின் பகுதிதான் என்று ஹேசல் மார்கஸ், பாலா நூரியஸ் இருவரும் 1986-ல் எழுதினார்கள். ஆக விரும்பும் ஆள், ஆகிவிடுவோமோ என்று பயப்படும் ஆள், இரண்டும் உள்ளே இருக்கிறார்கள். பயப்படும் ஆள் மட்டும் இருந்தால் ஓடத்தான் தோன்றும், எங்கே போவது என்று தெரியாது. மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் பயந்து தொடங்கிய பலர், அடுத்த அறிக்கை நன்றாக வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பயம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. "எழுபது வயதில் யார் துணையும் இல்லாமல் மாடி ஏறி இறங்க வேண்டும்" என்ற மாதிரி ஒரு தெளிவான ஆசை பக்கத்தில் இருந்தால், அறிக்கை நன்றாக வந்த பிறகும் செய்ய வேலை இருக்கும்.

சுற்றியிருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பழைய பிம்பம் நம்மிடம் மட்டும் இல்லை, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் ஆளுக்கொரு பிரதி இருக்கிறது. "இவராவது இனிப்பை விடுவதாவது" என்று சிரிப்பவர் கெட்டவர் அல்ல, தன் பிரதியிலிருந்து படிக்கிறார். அவரோடு வாதிட வேண்டாம். சில மாதங்களில் அவருடைய பிரதியும் மாறும். அதுவரை, உங்களைப் புதிய ஆளாகவே அறிமுகம் கொண்ட நான்கு பேர், ஒரு நடைக் குழுவோ யோகா வகுப்போ எதுவானாலும், பக்கத்தில் இருந்தால் பெரிய உதவி. அவர்களுக்கு உங்கள் பழைய கதை தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, சுயபிம்பம் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வேலை பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். சில மருந்துகள் எடையைக் கூட்டும். தைராய்டு கோளாறு உடம்பை அசத்தும். நாள்பட்ட வலி நடக்கவே விடாது. அந்த இடங்களில் "என் சுபாவம் சரியில்லை" என்று தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வது தவறான நோயறிதல், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் வைத்துவிடும். எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். சாப்பாட்டைப் பற்றிய எண்ணம் நாள் முழுக்க ஆட்டிவைக்கிறது, பட்டினி கிடப்பதும் அள்ளித் தின்பதும் மாறி மாறி வருகிறது, சாப்பிட்டபின் வாந்தியெடுக்கத் தோன்றுகிறது என்றால் அது உணவுக் கோளாறாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. பழக்கத்தை எப்படி நிலைநிறுத்துவது என்ற கேள்வியை அதுவரை ஒத்திவைத்துவிட்டு, முதலில் மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போவதுதான் சரி.